அளவுக்கு மிஞ்சி

சாவா ஆற்றுக்கு மேலே, சின்ன மலை.
இழுவைக் கம்பியின் அடிவாரக் கூண்டில்
எனக்கு இது பதினோராவது குளிர்காலம்.
யார் எத்தனை முறை ஏறுகிறார்கள் என்று
எண்ணுவது என் வேலையில்லை.
யெர்னெயாவை மட்டும் எண்ணுவேன்.
செவ்வாய், பதினாலு.
வியாழன், பதினாறு; அன்று மழை,
மழையென்றால் பனியில் கலந்து
கஞ்சியாய் வழியும் அந்தக் கேடுகெட்ட மழை.

அவளுக்கு எண்ண வராது.
பட்டறையில் பைக்குப் பத்துத் திருகாணி போட
பத்துக் குழியுள்ள பலகை ஒன்று உண்டு.
குழி நிறைந்தால் கணக்கு முடிந்தது.
முப்பத்தொரு வயது.
கையுறைக் கட்டைவிரலில் எப்போதும் எண்ணெய்க் கறை.

சரிவில் குழிப்பலகை இல்லை.
அதனால் கம்பங்களுக்கு ஆள்பெயர் வைத்தாள்.
முதல் சிவப்பு வின்கோ, பொட்டலம் கட்டுபவன்.
அடுத்த நீலம் மார்யெத்தா, சமையலறை.
மூன்றாவது சிவப்பு பொகோமிர்,
எப்போதும் வழியை மறித்துக்கொண்டு நிற்பவன்,
தோளால் இடித்துவிட்டுத்தான் போகவேண்டும்.
இப்படிப் பதினேழு பேர்.
வரிசை பிசகாமல் முணுமுணுத்துக்கொண்டே
மேலே போவாள், என் கூண்டைத் தாண்டி.

"வெளிக்காலில் எடை! வெளிக்காலில்!"
பயிற்சியாளன் தீலென் கத்துவான்.
வெளிக்கால் எது என்பது
திருப்பத்துக்குத் திருப்பம் மாறும்.
அந்த ஒன்று அவளை
இரண்டு குளிர்காலம் அழவைத்தது.
பிறகு ஒருநாள், அவளே:
"கம்பத்தோடு கோபித்துக்கொண்ட கால்."
இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கும்
தீலென் அதையே சொல்கிறான்,
யார் சொன்னது என்று சொல்லாமல்.

பிப்ரவரியில் போட்டி.
காலை ஓட்டம் பதக்கத்துக்கு அல்ல,
ஒத்த வேகக்காரர்களை ஒரு குழுவாகப் பிரிக்க.
வின்கோ போனான். மார்யெத்தா போனாள்.
மூன்றாவது கம்பத்தருகே, வலைக்கு அப்பால்,
கையில் மாட்டுமணியோடு
நிஜப் பொகோமிர்.
பட்டறையே பேருந்து பிடித்து வந்திருந்தது.
நின்றுவிட்டாள்.
நின்று, கையசைத்து, நலம் விசாரித்து,
பிறகு இறங்கினாள்.
ஒரு நிமிடம் இருபத்திரண்டு நொடி.
ஆக மெதுவான குழுவில் போட்டார்கள்.

மதியம் வெயில்.
என் வானொலிக் கருவியில் கரகரப்பு,
அப்புறம் யாரோ மூச்சை உள்ளிழுக்கும் சத்தம்.
ஐம்பத்தெட்டு.

காலையைவிட இவ்வளவுக்கு மேல் வேகம் கூடினால்
காலையில் முழுமனதாய் ஓடவில்லை என்று பொருளாம்.
ஏமாற்றுகிறவர்களுக்காக எழுதிய விதி.
விதியைக் குறை சொல்லமாட்டேன்,
ஏமாற்றுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன்.
பட்டியலின் அடியில் அவள் பெயர்,
அதன் மேல் ஒரு கோடு.

பனியில் மண்டியிட்டு
அவள் காலணிக் கொக்கிகளைக் கழற்றியபடி
தீலென் விளக்கினான். ஒருமுறை. இன்னொரு முறை.
மூன்றாம் முறை அவளுக்குப் புரிந்தது,
அல்லது அவளே முடிவுசெய்தாள்.
"நான் அளவுக்கு மிஞ்சின வேகம்?"
"ஆமாம்."
"அங்கே எழுதியிருக்கா?"
"எழுதியிருக்கு."
அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.
குழிப்பலகைக்கு நேர் மேலே ஒட்டியிருக்கிறாளாம்;
திருகாணி வாங்க வருகிறவர்களுக்கும் காட்டுகிறாள்.

அவள் அம்மா அன்றிரவு காரில் அழுதாள் என்று
கேள்விப்பட்டேன். அதைப் பற்றி
எனக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வியாழன் வழக்கம்போல் வந்தாள்.
வின்கோ, மார்யெத்தா,
பிறகு ஒரு சின்ன இடைவெளி,
பிறகு நான்காவது பெயர்.
மூன்றாவது கம்பத்துக்கு இனிப் பெயர் கிடையாது.
அது வெறும் சிவப்பு.

நேற்று பொகோமிர் என் கூண்டுக்கு வந்தான்.
தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு,
பதினாறாவது கம்பமானாலும் பரவாயில்லை,
மணியை வீட்டிலேயே வைத்துவிடுகிறேன்,
நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றான்.
மேலே பார்த்தேன்.
ஒன்பதாவது முறையாக
ஏறிக்கொண்டிருந்தாள்.